கூடாதவை

சிதம்பரம்
9-2-1967

மெகருன்னிசா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மடியில் தாளை வைத்து எழுதுகிறேன். உள்ளே தங்கம்மாள் என்று ஒரு பெண் கிடக்கிறாள். காட்டுமன்னார்கோயிலுக்குத் தெற்கே அவள் ஊர். நேற்றுக் காலை பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குக் குறை எதுவும் இல்லை. பிரசவம் பார்த்த விருத்தாம்பாள் அந்தப் பக்கத்தில் பேர் போன மருத்துவச்சி. ஆனால் இந்த முறை நம் கைப்புத்தகம் அந்த வீட்டில் இருந்தது. மாதர் நலச் சங்கம் கேட்டு, அதன் நர்ஸ் நான் எழுதி, உன் அச்சகம் அடித்துக் கொடுத்த அதே புத்தகம். விருத்தாம்பாளுக்கு எழுத்துத் தெரியாது. அவள் மருமகள் பக்கத்தில் நின்று வாய்விட்டுப் படித்திருக்கிறாள்.

பதினெட்டாம் பக்கத்தை எடுத்துப் பார். 'குழந்தை பிறந்தபின் செய்ய வேண்டியவை' என்று ஆறு வரை எண் போட்டு வருகிறது. பக்கத்தின் கடைசி வரியில் 'கூடாதவை' என்று ஒற்றைச் சொல், மற்ற எழுத்தைப் போலவே. பக்கத்தைத் திருப்பினால் ஏழு: தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்தல். எட்டு: வயிற்றை அழுத்தித் தள்ளுதல்.

ஏழாவதைக் கேட்டதும் விருத்தாம்பாள், "இத்தினி வருஷத்துல நான் அப்புடி செஞ்சதில்லியே" என்றாளாம். "புக்குல போட்டுருக்கு அத்தே" என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். இழுத்துவிட்டார்கள். நஞ்சுக்கொடி பாதி பிய்ந்து வந்தது, ரத்தம் நிற்கவில்லை.

ஊரில் இருந்த ஒரே கார் தேர்தல் வேலைக்குப் போய்விட்டது. ரைஸ் மில் லாரியில் சாக்குகளை விரித்து, அதன்மேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். ரத்தம் கொடுத்திருக்கிறது. இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

நான் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்ததை ஏன் தடித்த எழுத்தில் போடவில்லை? ஆறுக்குப் பிறகு ஏழு என்று ஏன் போனது? மீதிப் பிரதிகளில் ஒன்றுகூட உன் வாசலைத் தாண்டக் கூடாது.

அமிர்தம்


கடலூர் முதுநகர்
12-2-1967

அமிர்தம்,

தங்கம்மாள் எப்படி இருக்கிறாள் என்று முதலில் ஒரு கார்டு போடு. மற்றச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உன் கடிதத்தைச் சடையப்பனுக்குப் படித்துக் காட்டினேன். வாப்பா காலத்திலிருந்து இங்கே அச்சுக் கோக்கிறவர். பாதியிலேயே எழுந்து போய் வாசலில் நின்றார். அன்றைக்கு அவர் எழுத்தையே தொடவில்லை. தேர்தல் நோட்டீஸ்காரர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

கையெழுத்துப் பிரதியை எடுத்து எதிரே வைத்திருக்கிறேன். அந்தத் தாளில் தலைப்புக்குக் கீழே சிவப்புக் கோடு. மருந்தின் பெயருக்குக் கீழேயும் கோடு. 'வெந்நீர்' என்ற சொல்லுக்கு இரண்டு கோடு. ஆபத்துக்கும் அதே கோடு. இதில் எது உன் மனதில் என்னவாக இருந்தது என்று கோக்கிறவருக்கு எப்படித் தெரியும்? எண் நீ போட்டது. நீதான் ஆறு, ஏழு என்று எழுதியிருக்கிறாய். புரூஃபின் மேல் 'அச்சிடலாம்' என்று கையெழுத்தும் உன்னுடையது. அதை உனக்கு அனுப்பட்டுமா?

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என்பதற்காக நான் வாயை மூடிக்கொள்ள முடியாது. இது வாப்பாவின் பெயரில் நடக்கும் அச்சகம்.

பரங்கிப்பேட்டைக்குப் போன பிரதிகளைத் திரும்ப வாங்க நானே பஸ் ஏறுகிறேன். வாப்பா வாதம் வந்து படுத்த பிறகு இந்தப் பின் அறையிலிருந்துதான் எல்லாவற்றையும் நடத்தி வருகிறேன், உனக்குத் தெரியும். ஆனால் இதற்கு ஆள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மெகருன்னிசா


சிதம்பரம்
22-2-1967

மெகருன்னிசா,

தங்கம்மாள் பிழைத்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. புருஷனிடம் நான்தான் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "செரிம்மா" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குப் பால் பவுடர் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிப் புத்தகங்களைத் திரும்ப வாங்குகிறேன். சிலர் கொடுக்க மறுக்கிறார்கள். ஓரிடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு வாங்குவதற்குள் அடுத்த பஸ் போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தால் இன்னொரு ஊர் ஞாபகம் வருகிறது, எழுந்துவிடுகிறேன்.

புரூஃபில் என் கையெழுத்து இருப்பது எனக்கும் தெரியும். அனுப்ப வேண்டாம்.

சங்கம் திரும்ப அச்சிடச் சொல்கிறது. வேறு அச்சகம் பார்க்கச் சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்காதே. இந்த முறை ஆபத்தானவை எல்லாம் சிவப்பு மையில், தடித்த எழுத்தில், பெரிதாக இருக்கட்டும். முக்கியமானவையும் அப்படியே. தாராளமாகப் போடு.

அமிர்தம்


கடலூர் முதுநகர்
2-3-1967

அமிர்தம்,

பரங்கிப்பேட்டைப் பிரதிகள் முழுக்க வந்துவிட்டன. ஒரு வீட்டில் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன குற்றம் இந்தப் புத்தகத்தில் என்று கேட்டார்கள். பதினெட்டாம் பக்கத்தைக் காட்டி விளக்கினேன். "எங்களுக்குச் செரியாத்தானே தெரியுது" என்றார்கள். திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சுதான் காதில். பார்வைக்குச் சரியாகத் தெரிந்ததுதான் அதன் குற்றம்.

அதனால் நீ கேட்டபடி செய்ய மாட்டேன். எல்லாவற்றையும் பெரிதாகப் போட்டால் கொஞ்ச நாளில் எதுவும் பெரிதாகத் தெரியாது. படிக்கிற மருமகளுக்கு நிறத்தை வாய்விட்டுப் படிக்கவும் முடியாது.

சிங்கப்பூரில் ஒரு பெரிய அச்சகத்தில் என் தம்பி லியாக்கத் அலி இருக்கிறான் அல்லவா, அவனுக்கு நடந்ததை எழுதியிருந்தேன். அவன் முதலாளி ஒரே கையெழுத்துப் பிரதியிலிருந்து பெரிய புத்தகமும் எடுக்கிறார், சின்னதும் எடுக்கிறாராம். பிரதியில் 'இதைத் தடியாகப் போடு' என்று யாரும் எழுதுவதில்லை. ஒவ்வொரு பகுதியும் என்ன என்று மட்டும் குறிக்கிறார்கள். எந்த வகைக்கு எந்த எழுத்து என்பது தனித் தாளில் இருக்கும். அந்தத் தாளை மாற்றினால் புத்தகத்தின் தோற்றம் மாறும், பிரதியைத் தொட வேண்டாம்.

இரண்டு நாளாக இதையே போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படிச் செய்யலாமா?

(செய்) நஞ்சுக்கொடி தானாக விழும்வரை காத்திரு. (கூடாது) கொடியைப் பிடித்து இழுக்காதே. (கூடாது முடிந்தது) (செய் முடிந்தது)

செய், கூடாது, காரணம், அனுப்பு. நான்கு குறி போதும் என்று நினைக்கிறேன். கடைசிக் குறி ஆஸ்பத்திரிக்கு எப்போது அனுப்ப வேண்டும் என்பதற்கு. எல்லா அத்தியாயத்திலும் அது ஒன்றாவது இருக்க வேண்டும். திறந்த குறி ஒவ்வொன்றும் முடிய வேண்டும். எது எப்படித் தெரிய வேண்டும் என்று நீ இனிமேல் சொல்லாதே. எது என்ன என்று மட்டும் சொல். உன் பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்புப் பென்சிலை யாருக்காவது கொடுத்துவிடு.

மெகருன்னிசா


சிதம்பரம்
11-3-1967

மெகருன்னிசா,

உன் குறிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிறகு பொறுக்கி எடுத்துக்கொண்டேன். நர்ஸ் வேலைக்கு வந்தவளை இலக்கணம் படிக்க வைக்கிறாய்.

முதல் அத்தியாயம் சுலபமாக இருந்தது. இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். 'கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கழுவிய கையால் வேறு எதையும் தொடாமல், தொப்புள்கொடியைக் கட்டு.' இது செய்யா, கூடாதா? நடுவில் தொடாமல் என்று இருக்கிறதே. கூடாது என்பதை எங்கே திறப்பது? கை கழுவுவதில் தொடங்குகிறது, கொடி கட்டுவதில்தான் முடிகிறது. அங்கே திறந்து இங்கே மூடினேன். திரும்பப் படித்தால் எனக்கே புரியவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. கூடாதவற்றை நான் ஏன் அத்தியாயத்தின் கடைசியில் கூட்டி வைத்தேன்? நான் பயிற்சியில் படித்த புத்தகத்தில் அப்படி இருந்தது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய அது வசதி. விருத்தாம்பாளுக்கு என்ன வசதி? கொடி அவள் கையில் இருக்கும்போதுதான் இழுக்காதே என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இதை யோசிக்க ஆரம்பித்தபின் பழைய அத்தியாயங்களை அப்படியே வைக்க முடியவில்லை. பிரித்துப் போட்டுவிட்டேன். என் அறை முழுக்கத் தாள். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தங்கம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். விஷயத்தை அவளிடம் சொன்னேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கை கழுவும் கேள்விக்குப் பதில் எழுது. இரண்டாம் அத்தியாயத்தையும், 'அனுப்பு' குறியை மட்டும் போட்ட மற்றவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன், பதில் வரும்வரை மேலே போக முடியவில்லை.

அமிர்தம்


கடலூர் முதுநகர்
19-3-1967

அமிர்தம்,

ஒரு வாக்கியத்தில் இரண்டு வேலையை வைத்தால் குறி தடுமாறத்தான் செய்யும். வாக்கியத்தை உடை. கை கழுவுவது ஒரு செய். கொடி கட்டுவது இன்னொரு செய். 'கழுவிய கையால் வேறு எதையும் தொடாதே' என்பது முதல் செய்க்குள் திறந்து அதற்குள்ளேயே முடியட்டும். உள்ளே திறந்தது உள்ளேயே முடிய வேண்டும், வெளியே நீட்டக் கூடாது. கூடாது என்று ஒன்று இருந்தால் அது ஏதாவது ஒரு செய்க்குள்தான் இருக்க வேண்டும், தனியாக வரக் கூடாது என்றும் வைத்துக்கொண்டால் பழைய பதினெட்டாம் பக்கம் இனிமேல் வரவே வராது.

நீ அனுப்பிய இரண்டாம் அத்தியாயத்தில் திறந்தவற்றையும் முடித்தவற்றையும் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துச் சரிபார்த்தேன். ஒரு கூடாதுவை முடிக்காமல் விட்டிருக்கிறாய். அதை அப்படியே நம்பினால் குழந்தையைத் துடைப்பது கூடாது, பால் கொடுப்பது கூடாது, தாய் தூங்குவதும் கூடாது. சடையப்பனிடம் சொன்னேன். அந்தக் காரியம் நடந்தபின் முதல் தடவையாகச் சிரித்தார்.

அவருடைய அச்செழுத்துப் பெட்டிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். கூடாது என்றால் கட்டம் கட்டி, முதல் சொல் எப்போதும் 'செய்யாதே.' வாய்விட்டுப் படித்தாலும் அது காதில் விழும். கட்டத்துக்குள் எண் கிடையாது.

இப்போது ஒன்று கேட்கிறேன். சுவரில் மாட்ட ஒரு தாள் அடித்தால் நல்லது என்று தோன்றியது. புதிதாக நீ எதுவும் எழுத வேண்டாம், குறி இருக்கிறதே. பக்ரீத் வேலைக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு அத்தியாயத்திலிருந்தும் 'அனுப்பு' என்று குறித்ததை மட்டும் பிரித்து எழுதிக்கொண்டு வந்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்றுகூட இல்லை. அதுதான் ரத்தப்போக்கு. எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. பத்துத் தடவை படித்த எனக்கு அது அப்போது தெரியவில்லை.

மறந்துவிட்டாயா?

மெகருன்னிசா


சிதம்பரம்
23-3-1967

மெகருன்னிசா,

மறக்கவில்லை. எழுதியிருந்தேன். சங்கத் தலைவி டாக்டரம்மா கோடு போட்டு அடித்துவிட்டார். மருத்துவச்சிக்கு முடிவு செய்யும் வேலை வேண்டாம், எதுவானாலும் சங்கத்து நர்ஸுக்கு ஆள் அனுப்பட்டும் என்றார். நர்ஸ் நான் ஒருத்திதான், எனக்கு நாற்பது ஊர் என்று சொன்னேன். பிறகு அந்த வரியை விட்டுவிட்டுப் பிரதி எழுதி உனக்கு அனுப்பினேன்.

அந்த இடத்தில் கை வைக்காதே. சங்கத்துச் சம்பளத்தில்தான் என் தம்பி படிக்கிறான். மற்ற அத்தியாயங்களை முடித்துக் கொடு.

அமிர்தம்


கடலூர் முதுநகர்
27-3-1967

அமிர்தம்,

உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாததல்ல. உனக்குப் பதிலாக நான் எழுதிச் சேர்க்கப் போவதுமில்லை. எனக்கு மருத்துவம் தெரியாது.

ஆனால் எல்லா அத்தியாயத்திலும் அனுப்பு இருந்தே ஆக வேண்டும் என்று நாம் ஒத்துக்கொண்டு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மூன்றில் நீ எதுவும் தராவிட்டால் 'எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது' என்ற தலைப்பைப் போட்டு, கீழே வெள்ளையாக விட்டு அடிப்பேன். யார் கேட்டாலும் எழுதியவர் தரவில்லை என்று சொல்வேன். மூடி மறைத்து அடிக்க என்னால் முடியாது. ஒரு தடவை அப்படி அடித்தாகிவிட்டது.

கோபம் வந்தால் வேறு அச்சகத்துக்குக் கொடு.

மெகருன்னிசா


சிதம்பரம்
20-4-1967

மெகருன்னிசா,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது கோபத்தினால்தான். உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே ஊர் ஊராகப் போனேன்.

போன வாரம் தங்கம்மாள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை நன்றாக இருக்கிறது. திருத்தி எழுதியதைப் படித்துக் காட்டுகிறேன், கேட்கிறாயா என்றேன். தலையை ஆட்டினாள். மூன்றாம் அத்தியாயம் முழுவதும் படித்தேன். குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"இதுல நானு எங்க இருக்கேன் நர்சம்மா?"

எனக்குப் புரியவில்லை.

"எல்லாம் பாக்கறவுங்க என்னா செய்யணும்னுதான் இருக்குது. படுத்துக் கெடக்கறவ ஒண்ணும் சொல்ல மாட்டாளா? ஒடம்பு ஜில்லுன்னு போவுதுன்னு சொன்னேன். கண்ணு இருட்டுதுன்னு சொன்னேன். அவுங்க ரெண்டு பேரும் புக்குல அடுத்தது என்னான்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க."

வீராணம் ஏரிக்கரை வரை பஸ்ஸுக்கு நடந்து வந்தேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். நான்கு குறி வைத்தோமே, செய்ய வேண்டியதற்கும் கூடாததற்கும் எல்லாம் இடம் வைத்தோம். பெறுகிறவளுக்கு ஒரு இடம் வைக்கவில்லை. ஐந்தாவது குறி ஒன்று வேண்டும். 'தாய் சொல்வது.' எல்லா அத்தியாயத்திலும் இருக்க வேண்டும், அனுப்புவதற்கு முன்னால். மூன்றாவதில் தங்கம்மாள் சொன்னதையே அவள் பேச்சில் எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்து, உடம்பு ஜில்லிட்டால், கண் இருட்டினால், இரண்டாவது துணியும் நனைந்தால், யாரையும் கேட்காமல் வண்டி பிடி என்று எழுதிவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். பேனாவை எடுத்தார். அடிக்க வேண்டாம் என்றேன். "அப்ப இது சங்கத்துப் புத்தகம் இல்ல" என்றார். சரி என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலையிலிருந்தும் நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். காட்டுமன்னார்கோயிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சம்பளம் குறைவாக ஓர் இடம் இருக்கிறது, போகப் போகிறேன். தம்பிக்கு எழுதினேன். டியூஷன் எடுத்துச் சமாளிக்கிறேன் என்று பதில் போட்டான்.

புத்தகத்தை நம் பெயரில் அடிக்க உனக்குச் சம்மதமா?

மற்ற அத்தியாயங்களுக்குத் தாய்மார்களைக் கேட்டு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கேட்டால் நிறுத்தாமல் சொல்கிறார்கள், இதுவரை யாரும் கேட்காததுபோல. ஐந்தாம் அத்தியாயத்தில் மட்டும் குறியைத் திறந்து வைத்துவிட்டு எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன். குழந்தை உயிரில்லாமல் பிறந்தால் என்ற அத்தியாயம் அது. யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக அதைப் பற்றி உன்னிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்போது உன்னைப் பார்க்க வந்துவிட்டு, பரீட்சையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனேன். இப்போதும் எழுதக் கை வரவில்லை. வேண்டாம் என்றால் குறியை எடுத்துவிடு.

அமிர்தம்


கடலூர் முதுநகர்
28-4-1967

அமிர்தம்,

புத்தகத்தை அடிக்கலாம். வாப்பாவிடம் கேட்டேன். பேச்சு சரியாக வராது, அச்சகத்தின் பெயர் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். காகிதம் தேர்தலில் மிச்சமானது இருக்கிறது.

ஒன்று முதல் நான்கு வரை கோத்து முடிந்தது. திறந்தவை எல்லாம் முடிந்திருக்கின்றன, நானே பார்த்தேன். அனுப்பு இல்லாத அத்தியாயம் இல்லை. சுவர்த் தாளும் தயார். தாய் சொல்வது என்பதை எந்த எழுத்தில் போடுவது என்று சடையப்பன் கேட்டார். இருப்பதிலேயே நல்ல எழுத்து எது என்று திருப்பிக் கேட்டேன். கல்யாணப் பத்திரிகைக்கென்று வாப்பா வைத்திருந்த எழுத்தைச் சடையப்பன் இறக்கி எடுத்தார்.

ஐந்தாவதை மேஜையில் வைத்துவிட்டு நாலைந்து நாள் அதைச் சுற்றியே நடந்தேன். காலையில் எழுதுவேன், மத்தியானம் கிழிப்பேன். உம்மா என்ன தேடுகிறாய் என்று கேட்டார்கள். இன்றைக்கு எழுதினேன். கீழே இருக்கிறது.

(தாய் சொல்வது) பிறந்ததும் யாரும் பேசவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. துணியில் சுற்றி அந்தப் பக்கமாகக் கொண்டுபோனார்கள். பார்த்தால் தாங்க மாட்டாள் என்று சொன்னது காதில் விழுந்தது. ஆணா பெண்ணா என்று மூன்றாம் நாள்தான் எனக்குச் சொன்னார்கள். முகம் யாரைப்போல இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. பார்க்க வேண்டுமா என்று அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். ஆனால் கேளுங்கள். (தாய் சொல்வது முடிந்தது)

சடையப்பன் நாளைக்கு இதைக் கோக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி அனுப்பு. வார்த்தையை மாற்றாதே.

மெகருன்னிசா